ஒரே மூட்டை, இரண்டு ஈரப்பதம்

புதுச்சேரியின் பாகூர் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கு 17 என்ற எண்ணை யாரும் விளக்க வேண்டாம். அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. குத்தூசியால் மூட்டையில் ஒரு குத்து, கையளவு நெல், ஈரப்பதம் பார்க்கும் மிஷின், அதில் ஒரு எண். 16.7 என்றால் மூட்டை எடைக்குப் போகும். 17.4 என்றால் மறுபடி களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். "இன்னொரு தரம் குத்திப் பாருங்க சார்" என்று விவசாயி கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூட்டையின் வாய்ப்பக்க நெல் காற்றுப்பட்டுக் காய்ந்திருக்கும், நடுவில் இருப்பது கொஞ்சம் நமுத்திருக்கும், மிஷினுக்கும் தனக்கென்று ஒரு தடுமாற்றம் உண்டு. அடுத்த குத்தில் 16.9 வரலாம். நெல் அதே நெல்தான்.

அதே விவசாயி வேறொரு வரிசையில் நிற்பதாக இப்போது நினைத்துக்கொள்வோம். வயது அறுபத்தெட்டு. இடுப்பு வலி என்று போனவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய், அது எலும்புக்கும் பரவியிருக்கிறது என்று தெரியவந்திருக்கிறது. கையில் இரண்டு பெட் ஸ்கேன் ரிப்போர்ட். முதலாவதில், இடுப்பெலும்பில் இருக்கும் பெரிய புள்ளிக்கு நேரே 'எஸ்.யூ.வி. மேக்ஸ் 18.4' என்று அச்சாகியிருக்கிறது. சில வாரம் கழித்து வேறொரு மையத்தில் எடுத்த இரண்டாவதில் 21.6. பாகூரிலிருந்து பஸ் பிடித்துக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு வரும் வழியெல்லாம் மகன் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வருகிறான். மூன்றுக்கு மேல் ஏறியிருக்கிறதே, அப்பாவுக்கு முற்றிவிட்டதா?

ஆளும் எண்களும் என் கற்பனை. கேள்வி அப்படியல்ல, பெட் ஸ்கேன் இருக்கும் ஊரிலெல்லாம் அது கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் தேட, அந்த 18.4 எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புரோஸ்டேட் செல்களின் மேல்தோலில் பி.எஸ்.எம்.ஏ. என்றொரு புரதம் இருக்கிறது. பெரும்பாலான புரோஸ்டேட் புற்றுநோய்களில் அது பல மடங்கு கூடிவிடும். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு ஒன்றில் கேலியம்-68 என்ற கதிரியக்க அணுவைக் கட்டி ஊசியில் ஏற்றுகிறார்கள். கேலியம் சிதையும்போது பாசிட்ரான் என்ற துகள் கிளம்பும். அது சில மில்லிமீட்டர் தூரம் ஓடி ஒரு எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, நேரெதிர்த் திசைகளில் இரண்டு காமாக் கதிர்களாகப் பாயும். படுத்திருப்பவரைச் சுற்றியுள்ள வளையம் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவை பிறந்த இடம் இரண்டு முனைகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று பொருள். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்துதான் படம். பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 2020-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று போதும். 302 ஆண்களிடம் நோய் பரவியிருக்கிறதா என்று பார்த்ததில், வழக்கமான சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம் சரியாகச் சொல்ல, பி.எஸ்.எம்.ஏ. பெட் 92 சதவீதம் சரியாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் கேலியம் மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் இந்தக் கருவி கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. புள்ளிக்குப் பக்கத்தில் எழுதும் எண் வேறு விஷயம்.

எஸ்.யூ.வி. என்பது ஒரு ஒப்பீடு, அவ்வளவுதான். நம் விவசாயிக்கு 60 கிலோ எடை. 120 மெகாபெக்கரல் கேலியம் ஏற்றினார்கள் என்று கொள்வோம். உடம்பு முழுக்க அது சீராகக் கரைந்திருந்தால் ஒவ்வொரு கிராமிலும் நொடிக்கு 2,000 சிதைவுகள் இருக்கும். இடுப்பெலும்புப் புள்ளியில் 40,000 இருப்பதாக ஸ்கேனர் கண்டால், 40,000-ஐ 2,000-ஆல் வகுத்து எஸ்.யூ.வி. 20 என்று எழுதுவார்கள். சராசரியைவிட இருபது மடங்கு மருந்து அங்கே குடியேறியிருக்கிறது.

இந்த வகுத்தல் கணக்குக்குள் ஒரு எடை மிஷின், இரண்டு கடிகாரம், ஒரு சிரிஞ்சு, ஒரு மனித உடம்பு எல்லாம் ஒளிந்திருக்கின்றன. எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் வந்தபின் மெலிந்துபோனவருக்குப் பழைய சீட்டில் இருந்த 66 கிலோவைப் பதிவு செய்துவிட்டால் எண் பத்து சதவீதம் ஏறிவிடும், 18.4 அப்படியே 20.2 ஆகும். கடிகாரம் இன்னும் பொல்லாதது. கேலியம்-68-ன் அரை ஆயுள் 68 நிமிடம். ஊசி மருந்தை அளக்கும் அறையின் சுவர்க் கடிகாரத்தைவிட ஸ்கேனரின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடினால், நிஜத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகச் சிதைந்துவிட்டது என்று நினைத்துக் கணினி ஈடுகட்டும். 18.4 என்பது 20.4 ஆகிவிடும். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததில்தான் கோளாறு. ஊசி போட்டதில் கொஞ்சம் ரத்தக்குழாய்க்கு வெளியே தோலடியில் கசிந்தால், அல்லது சிரிஞ்சில் மிச்சம் நின்றதைத் திரும்ப அளக்காமல் விட்டால், எண் கீழே இறங்கும்.

அடுத்தது காத்திருக்கும் நேரம். ஊசிக்குப் பின் சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பது வழக்கம். பல புற்றுநோய்ப் புள்ளிகள் அதற்குப் பிறகும் மருந்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். முந்தைய நோயாளிக்குத் தாமதமாகி, நம்மவர் தொண்ணூறாவது நிமிடத்தில் உள்ளே போனால் அதே புள்ளி கூடுதலாக ஒளிரும். மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதால் நிறைந்த மூத்திரப்பை பக்கத்திலிருக்கும் புரோஸ்டேட்டையே மறைத்துவிடும். ஸ்கேனுக்கு முன் "போயிட்டு வந்துடுங்க ஐயா" என்று சொல்வது வெறும் உபசாரமல்ல.

மருந்து வந்து சேரும் கதையும் இதில் கலந்திருக்கிறது. ஃபுளூரின்-18 என்ற இன்னொரு அணுவைச் சைக்ளோட்ரானில்தான் செய்ய முடியும். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். சென்னையில் செய்து காரில் ஏற்றினால், புதுச்சேரி வந்து சேரும் மூன்று மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கேலியம்-68-க்கு அந்த ஓட்டம் தேவையில்லை. 271 நாள் அரை ஆயுள் கொண்ட ஜெர்மேனியம்-68 ஒரு சிறு கலத்தில் உட்கார்ந்து கேலியமாகச் சிதைந்துகொண்டே இருக்கும். வேண்டும்போது அதிலிருந்து கேலியத்தைக் 'கறந்து' எடுக்கலாம். அணு மருத்துவத் துறையில் அதை மாடு என்றே சொல்வதுண்டு. ஒரு வருஷம் ஆனால் இந்த மாட்டின் கறவை பாதிக்கும் கீழே போய்விடும். கறவை குறைந்தால் ஒருவருக்குக் கிடைக்கும் மருந்து குறையும், பிடிபடும் கதிர்கள் குறையும், படத்தில் புள்ளி புள்ளியாய் இரைச்சல் கூடும். எஸ்.யூ.வி. மேக்ஸ் என்பது புள்ளிக்குள் இருக்கும் ஒரேயொரு சிறு கட்டத்தின் உச்ச மதிப்பு. இரைச்சல் கூடினால் ஏதாவது ஒரு கட்டம் தற்செயலாக உயரே துள்ளும். மேக்ஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். ஊசுடு ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் ஆழமான ஒரு குழியில் மட்டும் கழியை விட்டுச் சொல்வது மாதிரிதான் இது. அந்த உச்சத்தைச் சுற்றி ஒரு கனசென்டிமீட்டரின் சராசரியை எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அது கொஞ்சம் நிதானமான எண். ஆனாலும் ரிப்போர்ட்டில் மேக்ஸ்தான் அதிகம் புழங்குகிறது, எடுப்பது சுலபம் என்பதால்.

ஆக, எதுவுமே மாறாத ஒருவருக்கு எண் எவ்வளவு மாறும்? இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒருவரையே சில நாள் இடைவெளியில், நடுவில் எந்த வைத்தியமும் செய்யாமல், இரண்டு முறை ஸ்கேன் செய்வது. கேட்க எளிது. இரண்டாவது ஸ்கேனால் அந்த நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை; கூடுதல் ஊசி, கூடுதல் கதிர்வீச்சு, இன்னொரு நாள் ஆஸ்பத்திரி வாசம். அதனால் இந்த ஆய்வுகளெல்லாம் சின்னவை. ஆம்ஸ்டர்டாமில் ஃபுளூரின்-18 பி.எஸ்.எம்.ஏ. மருந்தை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஒன்றில் சேர்ந்தவர்கள் 12 பேர். சில நாள் இடைவெளியில் இரண்டு தரம் படுத்தவர்கள் அவர்கள். கேலியம் மருந்தை வைத்தும் இதுபோல் நடந்திருக்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. ஒரே மிஷின், ஒரே முறை, ஒரே ஆள் என்றாலும் ஒரு புள்ளியின் எண் தன் சராசரியிலிருந்து பத்து முதல் பதினைந்து சதவீதம் ஆடும்.

பத்துப் பதினைந்துதானே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு காலை வாரிவிடும். நாம் ஒரு அளவைப் பார்க்கவில்லை, இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைப் பார்க்கிறோம். இரண்டும் ஆடுகின்றன. ஒன்று கீழே ஆடிய நாளில் மற்றது மேலே ஆடியிருக்கலாம். இரண்டு ஆட்டங்கள் சேரும்போது வித்தியாசத்தின் ஆட்டம் 1.41 மடங்காகும், நூற்றில் 95 பேரை உள்ளடக்கும் எல்லையைப் போட அதை 1.96-ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் 2.77 மடங்கு. ஒரு அளவின் ஆட்டம் 11 சதவீதம் என்றால் எல்லை சுமார் 30 சதவீதம். அந்த எல்லைக்குள் எண் ஏறினாலும் இறங்கினாலும், நோய் மாறாமலேயே அப்படி வந்திருக்கக் கூடும்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவு அல்ல என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். நுரையீரல் புற்றுநோயில், கதிரியக்க அணு கட்டிய சர்க்கரையைக் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேனைப் பல மையங்களில் இப்படித் திரும்ப எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. அதில் கிடைத்த எல்லைகள்: கீழே 28 சதவீதம், மேலே 39 சதவீதம். கோணலாகத் தெரிகிறது அல்லவா? 100-ஐ 39 சதவீதம் ஏற்றினால் 139. அதை 28 சதவீதம் இறக்கினால் மறுபடி 100. ஏறின படியிலேயே இறங்கியிருக்கிறோம். பெட் எண்களின் ஆட்டம் கூட்டலில் நடப்பதில்லை, பெருக்கலில் நடக்கிறது. 4 என்று இருக்கும் புள்ளி ஒன்றிரண்டு ஆடும், 40 என்று இருப்பது பத்துப் பன்னிரண்டு ஆடும்.

நம்மவர் கணக்கைப் பார்ப்போம். முதல் எண் 18.4. ஒரே மிஷினில் எடுத்திருந்தாலே, இரண்டாவது எண் சுமார் 13½ முதல் 25 வரை எங்கே விழுந்தாலும் அதை மட்டும் வைத்து நோய் கூடியது என்றோ குறைந்தது என்றோ சொல்ல முடியாது. 21.6 என்பது 17 சதவீத ஏற்றம். அந்தப் பதினேழைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொள்முதல் நிலைய ஞாபகத்தில்.

ஆனால் ஞாபகம் அதோடு நிற்கவில்லை. 17 போல் இங்கேயும் ஒரு கோடு இருக்கிறது. பரவிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கு லூட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்தை, அதே பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத் தேடிப் போகும் மூலக்கூறின் முதுகில் ஏற்றிச் செல்களுக்குள் அனுப்பும் சிகிச்சை இன்று இந்தியாவிலும் நடக்கிறது. அது வேலை செய்ய வேண்டுமானால் புள்ளிகள் அந்த மருந்தை நன்றாக உறிஞ்ச வேண்டும். எவ்வளவு நன்றாக? 200 பேர் பங்கேற்று 2021-ல் வெளியான தெராபி என்ற ஆஸ்திரேலிய ஆய்வில், குறைந்தது ஒரு புள்ளியாவது எஸ்.யூ.வி. மேக்ஸ் 20-ஐ எட்ட வேண்டும், அளக்கக்கூடிய மற்றவை 10-ஐத் தாண்ட வேண்டும் என்று விதித்தார்கள். அந்த விதியை அப்படியே வைத்தால், நம் விவசாயி முதல் தாளில் வாசலுக்கு வெளியே நிற்கிறார், இரண்டாவது தாளில் உள்ளே வந்துவிடுகிறார். அவர் எலும்பில் இருப்பது அதே கட்டிதான்.

இதைச் சொன்னால் கோடே வேண்டாம் என்று பொருளல்ல. கோடு இல்லாமல் நெல்லும் வாங்க முடியாது, ஆய்வும் நடத்த முடியாது. கோட்டுக்கு அருகில் நிற்பவரிடம் ஒற்றைக் குத்தை நம்பித் தீர்ப்பு எழுதாமல் இருப்பதுதான் விஷயம். வேறு வழியும் உண்டு. எண்ணை விட்டுவிட்டு அந்த நோயாளியின் உடம்பிலிருந்தே உரைகல்லை எடுப்பது: புள்ளி அவருடைய ஈரலைவிடப் பளிச்சென்று இருக்கிறதா, எச்சில் சுரப்பியைவிடவுமா? லூட்டீசியத்துக்கு அங்கீகாரம் வாங்கித் தந்த விஷன் ஆய்வு ஈரலோடு ஒப்பிடும் வழியைத்தான் பிடித்தது. எடையைத் தப்பாக எழுதினாலும் கடிகாரம் ஓடிப்போனாலும் ஈரலின் எண்ணும் புள்ளியின் எண்ணும் சேர்ந்தே மாறும், ஒப்பீடு தப்பிக்கும். முரட்டு வழி. ஆனால் முரட்டுத்தனம் சில இடத்தில் பாதுகாப்பு.

நம்மவரின் இரண்டு தாள்களும் வெவ்வேறு மையத்தில் வந்தவை என்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. 30 சதவீதம் என்பது ஒரே மரக்காலால் இரண்டு முறை அளந்ததன் வித்தியாசம். மரக்காலே மாறினால்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் கணக்கு வரும் இடத்தில், அது ஆடவல்லான் என்ற பெயருடைய மரக்காலால் அளந்தது, அந்த மரக்கால் ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்று பொறித்திருப்பார்கள். இத்தனை கலம் என்ற எண்ணோடு, எதால் அளந்தது என்பதும் கல்லில் ஏறியது. ராஜராஜனின் கணக்கர்களுக்குத் தெரிந்த இந்தக் காரியத்தைப் பெட் ஸ்கேன் உலகம் மெதுவாகத்தான் பிடித்துக்கொண்டது. அளவு தெரிந்த கதிரியக்க நீரை, சின்னதும் பெரியதுமாய்க் கோளங்கள் வைத்த ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி ஸ்கேனரில் ஏற்றி, அது சரியான எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் மையங்களை இப்படிச் சோதித்து ஒரே மரக்காலுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இருக்கிறது. புதிய மிஷின்களில் படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள் சின்னப் புள்ளிகளின் மேக்ஸைத் தூக்கிவிடும். பழைய மிஷினில் அதே புள்ளி மங்கலாகக் கிடக்கும். மருந்தே வேறாக இருந்தால் ஒப்பிடவே கூடாது. பி.எஸ்.எம்.ஏ.-1007 என்ற ஃபுளூரின் மருந்து ஈரல் வழியாக வெளியேறுவது. அங்கே ஈரலே கொழுந்துவிட்டு எரியும், உரைகல்லுக்கு மண்ணீரலைத் தேட வேண்டும். விலா எலும்பில் நோயே இல்லாத இடத்திலும் அது புள்ளி காட்டுவதுண்டு. முதல் ஸ்கேன் கேலியத்தில், இரண்டாவது இதில் என்றால், 18.4-ம் 21.6-ம் படியும் முழமும் மாதிரி.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, எல்லையையும் தாண்டி எண் ஏறினால் நோய் ஏறியது என்று சொல்லிவிடலாமா? அதற்கும் உடம்பு இடம் கொடுப்பதில்லை. ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை தொடங்கிய புதிதில் செல்கள் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைக் கூடுதலாக உண்டாக்குவதுண்டு. அந்தச் சில வாரங்களில் கட்டி வளராமலேயே பளிச்சென்று தெரியும். வைத்தியம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தாளில் எண் ஏறியிருக்கும். ஆகவே ஹார்மோன் சிகிச்சை தொடங்கிய தேதியும் ஸ்கேன் எடுத்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட். 2022-ல் முன்வைக்கப்பட்ட ரெசிப் என்ற அளவுகோல் இந்தப் பளிச்சையே ஓரங்கட்டிவிட்டது. அது பார்ப்பது இரண்டை: உடம்பு முழுக்க நோய் பிடித்திருக்கும் மொத்தக் கன அளவு, புதிதாக முளைத்த புள்ளி. கன அளவு 20 சதவீதம் கூடி, புதுப் புள்ளியும் இருந்தால்தான் நோய் முன்னேறியது என்று பெயர். 30 சதவீதம் குறைந்து, புதுப் புள்ளி இல்லை என்றால் பலன் கிடைத்திருக்கிறது. பத்துப் புள்ளிகளைக் கூட்டும்போது ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தில் ஓரளவு அடங்கிப்போகும் என்பதால் கூட்டுத்தொகை தனிப்புள்ளியைவிட நிதானமானது. ஏரியின் குழியை விட்டு நீர்ப்பரப்பைப் பார்ப்பது இதுதான்.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலிருந்து வருகிறவருக்கு இதில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான், ஆனால் உண்டு. முடிந்தவரை முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலேயே அடுத்ததும் எடுப்பது. அன்றைக்கு அங்கேயே எடை போடச் சொல்வது. எந்த ஊசி எப்போது போட்டது என்ற சீட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பது. எல்லாவற்றுக்கும் மேல், ரிப்போர்ட்டோடு தரும் சிடி. பலர் அதைப் பாட்டு சிடி என்று நினைத்துப் பேரப்பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது டிராக்டர் கண்ணாடியில் தொங்கவிடுகிறார்கள். தாளில் இருப்பது யாரோ அன்று எடுத்த ஒற்றைக் குத்து. சிடியில் இருப்பது மூட்டை. அது இருந்தால், மகன் கையிலிருக்கும் இரண்டு தாளையும் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு ஸ்கேனையும் ஒரே திரையில், ஒரே மென்பொருளில், ஒரே டாக்டர் திரும்ப அளக்கலாம். இடுப்பெலும்புப் புள்ளி பெரிதாகியிருக்கிறதா, முதுகெலும்பில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதா, ஈரல் அன்று எவ்வளவு பளிச்சென்று இருந்தது, ஊசிக்கும் படத்துக்கும் இடையில் அன்று எத்தனை நிமிடம் என்று பார்க்கலாம். அதற்குப் பிறகு அவர் சொல்கிற பதில் 21.6-ஐ விட நீளமாக இருக்கும். மகன் இன்னொரு பஸ்ஸை விட்டாலும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம்.